கழற்றாதீர்கள், முதலில் படியெடுங்கள்

கேள்வி:

பாசிக்குடாவில் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். அறை முன்பதிவு, உணவகப் பில், கணக்கு, ஊழியர் சம்பளம், கண்காணிப்புக் கமராப் பதிவு எல்லாம் ஒரே சர்வரில்தான் இருக்கின்றன. 2018இல் வாங்கிய சர்வர். 4 டெராபைட் டிஸ்க் ஆறு, ரெய்ட் 5 முறையில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மொத்தம் 5 டெராபைட் அளவுதான் நிரம்பியிருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கமராப் பதிவு.

போன மாதம் ஸ்லாட் 3இல் மஞ்சள் விளக்கு எரிந்தது. நிர்வாகப் பக்கத்தில் 'ஃபெயில்ட்' என்று காட்டியது. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் அதே 4 டெராபைட் டிஸ்க் வாங்கிப் போட்டேன். ரீபில்ட் 61 வீதம் வரை போய் நின்றது; புது டிஸ்கும் 'ஃபெயில்ட்' ஆனது. கழற்றித் திரும்பப் போட்டதில் இரண்டாம் தடவை 14 வீதத்திலேயே விழுந்துவிட்டது. அதே டிஸ்கை மேசைக் கணினியில் மாட்டிச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை என்கிறது. இதற்கிடையில் ஸ்லாட் 5இல் உள்ள டிஸ்குக்கு 'பிரிடிக்டிவ் ஃபெயிலியர்' என்ற எச்சரிக்கை வந்திருக்கிறது.

தெரிந்த ஒருவர், எல்லா டிஸ்கையும் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகச் சொல்கிறார். இன்னொருவர், விழுந்த பழைய டிஸ்கையே போட்டு 'ஃபோர்ஸ் ஆன்லைன்' கொடுக்கச் சொல்கிறார். எதை முதலில் செய்வது? புது டிஸ்க் ஏன் நிற்கவில்லை? கொழும்பில் இதே சர்வர் வைத்திருக்கும் நண்பருக்கு இதுவரை ஒரு டிஸ்கும் போகவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் அடுத்தடுத்துப் போகிறது? பேக்கப் ஒவ்வொரு இரவும் அதே சர்வரின் இன்னொரு டிரைவுக்குப் போகிறது. வெளி டிஸ்கில் எடுத்துப் பல மாதங்கள் ஆகின்றன.

- வாசகர், பாசிக்குடா

பதில்:

இரண்டு பேர் சொன்னதையும் செய்யாதீர்கள். சர்வரை நிறுத்தவும் வேண்டாம், ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். உங்கள் தரவு இந்த நிமிடம் முழுதாக இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. ஆனால் அதைக் காப்பதற்கு இனி ஒரு டிஸ்கும் மிச்சமில்லை. இந்தக் கட்டத்தில் தரவை இழப்பவர்களில் பலர், டிஸ்க் கெட்டதால் இழப்பதில்லை. முதல் டிஸ்க் போன பிறகு பதற்றத்தில் கை வைத்ததால் இழக்கிறார்கள்.

ரெய்ட் 5 எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் காரணம் புரியும். ஐந்து பேர் ஆளுக்கொரு தொகை போடுகிறார்கள், ஆறாமவர் மொத்தத்தை எழுதிவைக்கிறார் என்று வையுங்கள். ஒருவர் எவ்வளவு போட்டார் என்பது மறந்துபோனால், மொத்தத்திலிருந்து மற்றவர்களின் தொகையைக் கழித்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பேருடையது மறந்தால் முடியாது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட புகழ்பெற்ற ரெய்ட் கட்டுரையில் ஐந்தாம் வகையாக இருந்தது இந்த ஏற்பாடுதான். உங்கள் சர்வர் இப்போது ஒவ்வொரு முறையும் கழித்துக் கண்டுபிடித்துத்தான் ஸ்லாட் 3இன் தரவைத் தருகிறது. ஸ்லாட் 5இல் உள்ளதும் விழுந்தால் கழிக்க வழியில்லை.

இன்றைக்குச் செய்ய வேண்டியது

புது டிஸ்கை மறுபடி ஸ்லாட் 3இல் போட்டிருந்தால், முதலில் அதை வெளியே எடுத்துவையுங்கள். அது உள்ளே இருந்தால், டிஸ்குகளை நிர்வகிக்கும் ரெய்ட் கண்ட்ரோலர் தானாக மறுபடி ரீபில்ட் தொடங்கக்கூடும். காலி இடத்தை வெறுமனே விடாமல் வெற்றுத் தட்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்று அந்த ஓட்டை வழியாகப் போய் மற்ற டிஸ்குகள் சூடாகும். கமராப் பதிவை நிறுத்துங்கள். கண்ட்ரோலரில் 'பேட்ரோல் ரீட்', 'கன்சிஸ்டன்சி செக்' என்று பின்னணியில் ஓடும் சோதனைகள் இருந்தால் அவற்றையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். பலவீனமான டிஸ்குக்கு இப்போது ஒரே வேலைதான் இருக்க வேண்டும்: உங்கள் தரவைப் படித்துக் கொடுப்பது.

பிறகு இரண்டு புதிய வெளி டிஸ்குகளில் படியெடுங்கள். இதில் வரிசை முக்கியம். முன்பதிவுத் தரவுத்தளம் முதலில், கணக்கும் சம்பளமும் அடுத்தது, அலுவலகக் கோப்புகள் பிறகு, கமராப் பதிவு கடைசியில். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் பாதியில் அறுந்த பிரதிதான் கிடைக்கலாம். அந்த மென்பொருளிலேயே இருக்கும் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து, நாளைய விருந்தினர் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சர்வரை நிறுத்த வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பல வருடம் இடைவிடாமல் சுழன்ற டிஸ்க் நின்று குளிர்ந்தால், மறுபடி கிளம்பாமலே போகலாம். ஓடுகிறவரை ஓடட்டும். படியெடுக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் தாங்குமா என்று யு.பி.எஸ்.ஸின் பேட்டரியை முன்கூட்டியே பாருங்கள்.

எவற்றைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'இனிஷியலைஸ்' என்ற சொல் எங்கே வந்தாலும் விலகிவிடுங்கள். அது அரேயை, அதாவது ஆறு டிஸ்கும் சேர்ந்த தொகுப்பை, புதிதாகத் தொடங்கி, உள்ளே இருப்பதை அழிக்கும். 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று திரையில் வந்தால் 'கிளியர்' கொடுக்காதீர்கள். இயக்க முறைமையின் டிஸ்க் பழுதுபார்க்கும் கட்டளைகளையும் ஓட்டாதீர்கள். அவை இருப்பதைத் திருத்துவதாக நினைத்து எழுதும். குறைபட்ட அரேயில் அப்படி எழுதியதை மாற்றி முன்போல ஆக்க முடியாது.

'ஃபோர்ஸ் ஆன்லைன்' யோசனை மிக ஆபத்தானது. ஸ்லாட் 3இன் பழைய டிஸ்க் போன மாதமே வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த முன்பதிவுகள், பில்கள் எதுவும் அதில் இல்லை. அதை வலுக்கட்டாயமாக உள்ளே சேர்த்தால், போன மாதத்துத் துண்டும் இந்த மாதத்துத் துண்டும் ஒரே கோப்புக்குள் கலந்துவிடும். சர்வர் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும். சில நாள் கழித்துக் கணக்கைத் திறக்கும்போதுதான் சேதம் தெரியவரும்.

எல்லா டிஸ்கையும் கழற்றித் துடைக்கும் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் ஓடும் சர்வரில் அதைச் செய்யக்கூடாது. ஒன்றை உருவியதுமே அரே செத்துவிடும்.

ஸ்லாட் 5 எது?

பல சர்வர்களில் ஸ்லாட் எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது. ஆறு டிஸ்க் என்றால் 0 முதல் 5 வரை. அப்படியானால் 'ஸ்லாட் 5' என்பது உங்கள் சர்வரில் கடைசியாக உள்ள ஆறாவது டிஸ்க். இடமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்தாவதை உருவினால் நல்ல டிஸ்க் கையில் வரும். அந்த நொடியில் அரே போய்விடும்.

எனவே எண்ணை நம்பாதீர்கள். நிர்வாகப் பக்கத்தில் அந்த டிஸ்கைத் தேர்ந்து, 'லொகேட்' அல்லது 'பிளிங்க்' கொடுத்தால் அதன் விளக்கு மட்டும் மினுக்கும். திரையில் காட்டும் தொடர் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்கை எடுக்கும் நாளில் அதன் ஒட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆறு டிஸ்கின் தொடர் எண்களையும் ஸ்லாட் வாரியாக எழுதி சர்வரின் பக்கவாட்டில் ஒட்டிவைப்பது நல்லது.

புது டிஸ்க் ஏன் விழுந்தது?

முதல் தடவை 61 வீதம், இரண்டாம் தடவை 14 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றிருந்தால், மற்ற ஐந்தில் ஏதோ ஒன்றில் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று சந்தேகப்பட்டிருப்பேன். வேறு வேறு இடத்தில் நின்றிருப்பதால், அந்த டிஸ்கின் வகை, அது உட்கார்ந்திருக்கும் ஸ்லாட், அதற்குப் போகும் மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்றின்மேல்தான் என் சந்தேகம் விழுகிறது.

முதலில் வகை. கடைகளில் கிடைக்கும் மேசைக் கணினி டிஸ்க், ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் ஒரு நிமிடம் வரைகூட விடாமல் முயன்று பார்க்கும். மேசைக் கணினிக்கு அது நல்ல குணம். தரவின் ஒரே பிரதி அங்கேதான் இருக்கிறது. ரெய்ட் கண்ட்ரோலருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சில நொடிகள் பதில் வராவிட்டால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுசெய்து வெளியேற்றிவிடும். சர்வருக்கும் நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புக் கருவிக்கும் செய்யப்படும் டிஸ்குகள் சுமார் 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கும்; கண்ட்ரோலர் விடுபட்ட துண்டை மற்ற டிஸ்குகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். உங்கள் டிஸ்க் மேசைக் கணினியில் குறையில்லாமல் ஓடி, சர்வரில் விழுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதிலேயே இன்னொரு பொறியும் உண்டு. எஸ்.எம்.ஆர். என்ற முறையில் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் டிஸ்குகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதினால் அவை திணறி நிற்கும். ரீபில்ட் என்பதே தொடர்ந்து எழுதும் வேலைதான். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸுக்கென்று விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில டிஸ்குகள் இந்த முறையில் செய்யப்பட்டவை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. விளம்பரத் தாளில் அது சொல்லப்பட்டிருக்கவில்லை. எனவே வாங்கும்போது '4 டெராபைட்' என்று மட்டும் கேட்காதீர்கள். மாதிரி எண்ணைக் கேட்டு, அது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாத சி.எம்.ஆர். வகைதானா, உங்கள் சர்வர் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குற்றவாளி டிஸ்கா, பாதையா?

அடுத்த சந்தேகம் ஸ்லாட். இதைத் தீர்க்க மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பயனில்லை. கண்ட்ரோலர் அந்த டிஸ்கை வெளியேற்றிவிட்டது என்று மட்டும்தான் விளக்கு சொல்லும். ஏன் என்பது லாக்கில் இருக்கும்.

பல கண்ட்ரோலர்கள் ஒவ்வொரு டிஸ்குக்கும் 'மீடியா எரர்', 'அதர் எரர்' என்று இரண்டு எண்ணிக்கை வைத்திருக்கின்றன. மீடியா எரர் ஏறினால் தட்டின் பரப்பே கெடுகிறது. அந்த டிஸ்கை மாற்றத்தான் வேண்டும். மீடியா எரர் 0ஆக இருந்து அதர் எரர் மட்டும் ஏறினால் கேபிள், டிஸ்குகள் செருகப்படும் பலகையான பேக்பிளேனின் இணைப்பு, மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள். சாட்டா டிஸ்க் என்றால், தன் நிலையைத் தானே பதியும் அதன் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய வரிசைகள் பரப்பைப் பற்றியவை: மாற்றிவைத்த இடங்கள், சந்தேகத்தில் இருக்கும் இடங்கள், படிக்கவே முடியாத இடங்கள். 199ஆவது வரிசை, வழியில் சிதைந்த தரவின் எண்ணிக்கை. அது ஏறினால் பெரும்பாலும் இணைப்புக் கோளாறு. மேசைக் கணினியில் மாட்டிய புது டிஸ்கில் இந்த 199ஐத் திரும்பப் பாருங்கள். சர்வரில் பட்ட அடி அதில் பதிவாகியிருக்கலாம்.

லாக்கில் நேரத்தையும் பாருங்கள். ஒரே நொடியில் இரண்டு மூன்று டிஸ்குகள் சேர்ந்து முறையிட்டிருந்தால் டிஸ்குகள்மேல் பழி போட முடியாது. அவை பொதுவாகப் பயன்படுத்தும் பவர் சப்ளையோ, பேக்பிளேனோ, கண்ட்ரோலரோதான் காரணம். ஸ்லாட் 3 விழுந்த நேரத்தை விடுதியின் ஜெனரேட்டர் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்த நேரமும் டிஸ்க் விழுந்த நேரமும் திரும்பத் திரும்ப ஒத்துவந்தால், எத்தனை புது டிஸ்க் வாங்கினாலும் அதே கதைதான். ஜெனரேட்டர் சர்வர் அறைச் சுவரை ஒட்டி இருந்தால் அதிர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் புக்கரெஸ்டில் ஐ.என்.ஜி. வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு வாயுவைப் பரீட்சித்தபோது எழுந்த பேரொலியே டிஸ்குகளைக் கெடுத்து வங்கிச் சேவையை மணிக்கணக்கில் நிறுத்திவிட்டது.

ஸ்லாட் 5இன் எச்சரிக்கை வேறு விதம். அது அந்த டிஸ்க் தன்னைப் பற்றித் தானே சொல்வது, நம்புங்கள்; ஆனால் படியெடுத்து முடிக்கும்வரை அதை உருவாதீர்கள். 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைப் பார்த்து எழுதினார்கள்: பரப்பைத் துழாவும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையில்லாத டிஸ்கைவிட அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வில் இதன் மறுபக்கமும் உண்டு. செத்த டிஸ்குகளில் 56 வீதத்துக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்திருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்க முடியாது.

படியெடுத்த பிறகு

இங்கே பெரும்பாலானோர் சொல்வதிலிருந்து நான் மாறுபடுகிறேன். சரியான டிஸ்க் வாங்கி மறுபடி ரீபில்ட் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ரீபில்ட் என்றால் மிச்சமுள்ள ஐந்து டிஸ்கையும் முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை படிக்க வேண்டும். உங்கள் கண்ட்ரோலர் நிரம்பிய 5 டெராபைட்டை மட்டும் படிக்காது, 20 டெராபைட்டையும் படிக்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே ஒரு 4 டெராபைட் டிஸ்க் நிரம்ப ஏழரை மணி நேரம் ஆகும். விடுதி வேலையும் கூடவே நடந்தால் ஒரு நாளைத் தாண்டும். சாதாரண டிஸ்குகளின் விவரத் தாளில், சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஒரு பிழைக்கு மேல் வராது என்ற அளவுக்குத்தான் உத்தரவாதம் தருகிறார்கள். நடைமுறையில் அதைவிட நன்றாகவே ஓடும். ஆனாலும் எச்சரிக்கை கொடுத்த ஒரு டிஸ்கை வைத்துக்கொண்டு அந்தப் பந்தயத்தில் இறங்கத் தேவையில்லை. மற்ற நான்கும் அதே நாளில் வாங்கி, அதே நேரம் ஓடியவை என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரே நாளில் வாங்கிய டிஸ்குகள் சேர்ந்து போகலாம் என்பதற்குக் கடுமையான உதாரணம் 2019 நவம்பரில் வந்தது. ஹியூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் நிறுவனம், தன் சில எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், நின்றுவிடும் என்று அறிவித்தது. காரணம் உள்ளே இருந்த ஃபர்ம்வேர் பிழை. ஒரே நாளில் மாட்டிய அத்தனையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். ரெய்ட் எந்த வகையானாலும் காப்பாற்றாது. புது டிஸ்க் மாட்டியதும் ஃபர்ம்வேர் பதிப்பைச் சரிபார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது.

எனவே என் யோசனை இது. இரண்டு பிரதிகள் எடுத்துத் திறந்து பார்த்தாயிற்று என்றால், பழைய அரேயை விட்டுவிடுங்கள். சர்வரை முறையாக நிறுத்தி, டிஸ்குகளை ஸ்லாட் எண் எழுதி வெளியே எடுத்து, ஒரு பெட்டியில் தொடாமல் வையுங்கள். புது அமைப்பு ஒரு மாதம் நன்றாக ஓடும்வரை அதுவும் ஒரு காப்பு. புது டிஸ்குகளில் ரெய்ட் 6 அமைத்தால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ஆறில் 16 டெராபைட் கிடைக்கும். ரெய்ட் 10 என்றால் 12 டெராபைட். அதில் ரீபில்ட் என்பது அதே தரவை வைத்திருக்கும் இணை டிஸ்கிலிருந்து படியெடுப்பது மட்டும்தான். 5 டெராபைட் பயன்படுத்தும் உங்களுக்கு நான் ரெய்ட் 10ஐத்தான் சொல்வேன். ஆறு புது டிஸ்குக்கு இப்போது பணமில்லை என்றால் நான்கில் தொடங்குங்கள்; 8 டெராபைட் கிடைக்கும்.

டிஸ்க் இல்லாத அந்த நேரம்தான் துடைப்பதற்கும் ஏற்றது. மின்கம்பியைக் கழற்றி, டார்ச் அடித்து, பேக்பிளேனில் டிஸ்க் செருகும் பொருத்திகளைப் பாருங்கள். ஸ்லாட் 3இன் தங்க நிறத் தொடுமுனைகளின் ஓரத்தில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால், மற்ற ஸ்லாட்டுகளோடு ஒப்பிட்டு ஒரு படம் எடுங்கள். இலேசான படிவை மின் தொடுமுனைக்கான கிளீனர் கொண்டு துடைக்கலாம். அரித்துப் பள்ளமாகியிருந்தால் பேக்பிளேனையே மாற்றுங்கள். சுரண்டாதீர்கள், தங்கப் பூச்சு போனால் அரிப்பு வேகமாகும்.

பாசிக்குடாவில் மட்டும் ஏன்?

கொழும்பும் கடற்கரைதான். வித்தியாசம் உங்கள் அறையில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டிஸ்குக்கு எதிரி வெப்பம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கூகுளின் 2007 ஆய்வில், மிக அதிகமான சூடு தவிர மற்றபடி வெப்பத்துக்கும் டிஸ்க் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. 2016இல் மைக்ரோசாஃப்டின் ஒன்பது பெரிய தரவு மையங்களை வைத்து வெளியான ஆய்வு, வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே பெரிய காரணம் என்றது. அதிலும் அதிகமாகப் பழுதானவை கண்ட்ரோலர், இணைப்பு ஆகிய பகுதிகள். தட்டின் பரப்பு அல்ல. 'டிஸ்க் போய்விட்டது' என்று நாம் வீசுவதில் ஒரு பங்கு, ஈரம் ஏறிய இணைப்பாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. கடற்காற்றில் வரும் உப்புத்தூள் பலகையில் படிந்தால் உலர்ந்திருக்கும்வரை அதிகம் தொல்லையில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுக்கத் தொடங்கும். கரைசலானால் மின்சாரம் கடத்தும், உலோகத்தை அரிக்கும். வாழைச்சேனைப் பக்கம் களப்போரச் சேற்றிலிருந்து வரும் அழுகல் மணத்தில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. அது வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். விடுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் சாமான்களை எந்த அறையில் வைக்கிறீர்கள்? சர்வர் அறைக்குப் பக்கத்தில் என்றால் இன்றே மாற்றுங்கள். குளோரின் வாயு செம்பை வேகமாக அரிக்கும்.

குளிரூட்டியை இரவில் நிறுத்திப் பகலில் போடும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மின்வெட்டில் அது நின்று, யாரோ கதவைத் திறந்துவைத்தால், குளிர்ந்திருக்கும் உலோகத்தின்மேல் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படியும். 2022இல் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தைத் தாண்டிவந்த சர்வர் உங்களுடையது. அந்த அரிப்பு இன்றைக்குப் பழுதாக வெளியே தெரிவதில் ஆச்சரியமில்லை. கண்ட்ரோலர் அட்டையில் சிறு பேட்டரி இருந்தால் அதற்கும் சர்வரின் வயதுதான். அதையும் சோதியுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு ஈரப்பதமானி வாங்கி சர்வருக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 60 வீதத்துக்கு மேல் போகாமல் வைத்திருங்கள். கடல் பார்த்த சன்னலை அடைத்து, கதவிடுக்குக்கு ரப்பர் போடுங்கள். ஒரு சிறிய ஈரம் உறிஞ்சும் கருவி வையுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அதற்கும் மின்சாரம் கிடைக்கட்டும். சலவை அறைக்கும் சமையலறைக்கும் எதிர்ப்பக்கத்தில் உள்நோக்கிய ஓர் அறை கிடைத்தால் சர்வரையே இடம் மாற்றுங்கள்.

பேக்கப் பற்றி

இரவில் அதே சர்வரின் இன்னொரு டிரைவுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஆறு டிஸ்கின் மேல்தான் அந்த டிரைவும் இருக்கிறது. அரே போனால் மூலமும் பிரதியும் சேர்ந்தே போகும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. அரசு மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடங்கும். இணைந்தே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டதால் மே 17 முதல் அன்றுவரை வந்த மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பின் 858 டெராபைட் எரிந்துபோனது. வெளியே வேறு பிரதி இருக்கவில்லை. இரண்டு இடத்திலும் எந்த ரெய்டாலும் உதவியிருக்க முடியாது. டிஸ்க் கெட்டாலும் விடுதி ஓட வேண்டும் என்பதற்குத்தான் ரெய்ட். தரவு பிழைக்க வேண்டும் என்பதற்கு வேறு இடத்தில் பிரதி வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது: சர்வரில் ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கும் வெளி டிஸ்கில் ஒன்று, கடற்கரையிலிருந்து விலகிய இடத்தில் ஒன்று. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை உங்கள் கரையை என்ன செய்தது என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்கு அல்ல. மூன்றாவது பிரதி கொழும்பு நண்பரிடமோ, இணையவழிச் சேமிப்பிலோ இருக்கட்டும். கமராப் பதிவை விட்டுவிட்டால் உங்கள் முக்கியத் தரவு சிறியதாகத்தான் இருக்கும். இணைய வேகம் ஒரு தடையாகாது. மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு பிரதியிலிருந்து முன்பதிவுப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பணம் வேண்டும், முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டும். டிஸ்க் விலையைச் சொல்லித் தொடங்காதீர்கள். முன்பதிவுப் பட்டியல் இல்லாமல் ஓகஸ்டு மாதத்தில் எத்தனை நாள் விடுதி நடத்த முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்கள் பட்ஜெட் இருக்கிறது. படியெடுப்பதை இன்றே செய்யுங்கள், அரே மாற்றத்தை இந்த வாரமே முடியுங்கள். அறையைச் சரிசெய்யும் வேலைக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன் அதையும் முடித்துவிடுங்கள்.